தொடரும் என்று போட்ட இடத்தில்

1992ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கோவி. மணிசேகரனின் 'குற்றாலக் குறிஞ்சி'க்குக் கிடைத்தது. அது ஒரு சரித்திர நாவல். பாவூர்சத்திரத்துக்காரர்களுக்குக் குற்றாலம் வேற்றூர் கிடையாது. தென்காசியில் பஸ் மாறினால் போய்விடலாம். ஆனி, ஆடியில் அங்கே சாரல் விழுந்தால் எங்கள் தெருவில் காற்றின் குணமே மாறிவிடும். அந்தக் குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய ஒரு நாவலுக்கு டெல்லியில் செப்புப் பட்டயம் கொடுக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தபோது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சரித்திரக் கதைக்கு உண்டென்றால் துப்பறியும் கதைக்கும் ஒருநாள் உண்டுதானே?

அப்போது நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை, வாசிக்கிறவள் மட்டும்தான். இப்போது என் பெயரில் சில துப்பறியும் நாவல்கள் வந்துவிட்டன. தை மாதச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒன்று வருகிறது. அடுத்த குற்றாலச் சீசனுக்குள் இன்னொன்று. போன நாவல் ஓர் அறக்கட்டளை விருதின் இறுதிப் பட்டியலில் இருக்கிறது. போன் அடித்தால் மனசு ஒரு நொடி எழுந்து நிற்கிறது. விருதுக்கு ஆசைப்படுவதை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் சொல்கிறேன்: எனக்கு அது வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. மத்தியானச் சோறு முடிந்ததும் அம்மா, பெரியம்மை, சித்தி, எதிர்வீட்டு மதினி எல்லாரும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு சொளவு மடியில். ஊறப்போட்டு ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரி, தூள், நூல். கைக்கு வேலை உண்டு, கண்ணுக்கும் பாதி வேலை உண்டு, காதுதான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகவே என்னைப் படிக்க வைத்தார்களோ என்று தோன்றும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆச்சி காப்பியை நீட்டிக்கொண்டே சொல்வாள்: "ஏளா, எடுத்துட்டு வா. சத்தமா வாசி."

குமுதம், ஆனந்த விகடன், ராணி. எந்தப் பத்திரிகை எந்தக் கிழமை கடைக்கு வரும் என்பது அந்தத் திண்ணைக்கே தெரியும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்துகொண்டிருந்த காலம். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், யோசிக்கும், புத்தகம் படிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி அந்த நாயை ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. அடுத்த வாரம் இதழ் வந்ததும் அவள் முதலில் கேட்பது ஜீனோவைத்தான். "அதுக்கு ஒண்ணும் ஆயிரலேல்லா?" அறிவியல் புனைகதையைத் தமிழ்நாட்டு வாசகர் ஏற்பார்களா என்று யாராவது மேடையில் கேள்வி எழுப்பினால் எனக்கு ஆச்சியின் முகம்தான் முன்னால் வரும். அவளிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

கொலைக்கதை என்றால் பெரியம்மை. மூன்றாவது வாரத்திலேயே குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவாள். "அவன் எதுக்குக் கேக்காம கொள்ளாம மழையப் பத்திப் பேசுதான்? அன்னைக்கு ஊர்லயே இல்லேன்னு முன்னால சொன்னாம்லா?" கை நிற்காது. இலையை வெட்டி, தூளை அள்ளி, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கிக்கொண்டே நாலு வாரத்துக்கு முந்திய ஒரு வரியை எடுத்து இந்த வாரத்து வரியோடு சேர்த்து வைப்பாள். மதினி ஒத்துக்கொள்ள மாட்டாள். 'தொடரும்' என்று போட்ட இடத்தில் நான் நிறுத்துவேன். அங்கேதான் பேச்சு தொடங்கும். மறுநாள் பீடி கொடுக்கப் போகிற கடையிலும் அந்த வழக்கு நடக்கும். பக்கத்து ஊர்ப் பெண்கள் அதே தொடரைப் படித்துவிட்டு வேறொரு கொலைகாரனோடு வந்திருப்பார்கள்.

கதை எழுதும் தொழிலை நான் கற்றது அங்கேதான். துப்பை ஒளித்துவைக்கக் கூடாது. வாசிக்கிறவள் கண்முன்னாலேயே வைக்க வேண்டும், அவள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. பின்னால் அவள் திரும்பிப் பார்க்கும்போது, "ஆமா, சொல்லியிருக்கான், நாந்தான் விட்டுட்டேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நியாயம் தவறினால் பெரியம்மை பத்திரிகையைத் தொடவே விட மாட்டாள்.

இந்த நியாயத்துக்குத் தமிழில் வயசு அதிகம். முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. பதினைந்தே வருடத்தில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரியின் துப்பறியும் கதை வந்துவிட்டது. தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றியது. தென்னாட்டு வாய்மொழிக் கதைகளைத் தேடித் தேடித் திரட்டிய அதே நடேச சாஸ்திரிதான். ஆச்சிகள் சொன்ன கதைகளைக் கேட்ட காது தமிழின் முதல் துப்பறிவாளர்களில் ஒருவனையும் எழுதியது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு. தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால். எங்கள் நெல்லைச் சீமையின் பெருமையான புதுமைப்பித்தனே 'காஞ்சனை' என்று ஒரு பேய்க்கதை எழுதினார். அதை இலக்கியம் இல்லையென்று எவரும் சொன்னதில்லை.

மறுபடி விருதுக்கு வருகிறேன். அகாதெமி தமிழுக்கு முதல் விருதை 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளைக்குக் கொடுத்தது, அவர் நெல்லைக்காரர். அடுத்தது 1956இல், மறைந்துவிட்ட கல்கிக்கு, 'அலையோசை' நாவலுக்காக. கல்கி யார்? வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதி, அடுத்த இதழுக்கு ஊரையே காக்க வைத்தவர். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தில் வந்து உட்கார்ந்தவர். ரசிகமணியும் கல்கியும் ஒரே வருடத்தில், 1954இல், போய்ச் சேர்ந்தார்கள். 1963இல் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' என்ற சோழர் கால நாவலுக்கு விருது. அப்புறம் 'குற்றாலக் குறிஞ்சி'. ஆகப் பத்திரிகைத் தொடருக்குக் கிடைத்திருக்கிறது, வாளும் குதிரையும் வருகிற கதைக்கும் கிடைத்திருக்கிறது. துப்பறியும் நாவலுக்கு இதுவரை இல்லை. சுஜாதா 2008இல் மறைந்தபோது, அவர் படைத்த கணேஷும் வசந்தும் தமிழ் வீடுகளில் உறவுக்காரர்கள் ஆகியிருந்தார்கள். அவருக்கு அகாதெமி விருது கிடைக்கவே இல்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 1500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமாருக்கும் இல்லை.

இதற்குக் காரணம் வெறும் ஏளனம் என்று முன்பு நினைத்திருந்தேன். ஏளனமும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எங்கள் ரயில்வே கேட் பக்கத்துக் கடையில் இருந்தது. அந்த அண்ணாச்சி கடையில் வாழைப்பழத் தாருக்குப் பின்னால் கயிற்றில் மாத நாவல்கள் தொங்கும். ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல். வாங்கக் காசில்லாதவர்களுக்கு நாள் வாடகை. விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி என்று துப்பறியும் ஜோடிகளை நாங்கள் அங்கேதான் சந்தித்தோம். அட்டை கிழிந்தால் அண்ணாச்சி கோதுமை மாவுப் பசை போட்டு ஒட்டித் தருவார். அடுத்த மாதம் பிறந்ததும் புது நாவல் கயிறு ஏறும். பழையது எடைக்குப் போகும்.

அதில்தான் எல்லாம் இருக்கிறது. அகாதெமி விருதுக்கு ஒரு கால வரம்பு உண்டு. 2023 விருதென்றால் 2017 தொடங்கி 2021 முடிய முதற்பதிப்பு கண்ட நூல்களைத்தான் பார்ப்பார்கள். பரிந்துரை வரும், பட்டியல் சுருங்கும், மூன்று நடுவர்கள் கடைசியில் முடிவு செய்வார்கள். குறைந்தது ஓரிரு வருடமாவது ஒரு புத்தகம் எங்கேயாவது உட்கார்ந்திருந்தால்தான் அந்த மூன்று பேர் கைக்குப் போகும். மாத நாவலுக்கு முப்பது நாள்தான் ஆயுசு. மதிப்புரை கிடையாது, நூலக அடுக்கில் இடம் கிடையாது, மறுபதிப்பு அபூர்வம். நடுவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அந்த நாவலில் யாரோ சுண்டல் மடித்திருப்பார்கள். எவ்வளவு நல்ல கதைகள் அப்படிப் போயின என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் சித்தி ஒரு காரியம் செய்வாள். தொடர்கதை முடிந்ததும், அத்தனை வாரத்துப் பக்கங்களையும் பின் நீக்கி எடுத்து, வரிசையாக அடுக்கி, தென்காசியில் நோட்டு தைக்கிற ஒருவரிடம் பைண்டு போடக் கொடுப்பாள். ஆயிரம் பீடிக்கு வருகிற கூலியில் எதை எதையோ குறைத்து அந்தக் காசைச் சேர்த்திருப்பாள். கெட்டி அட்டை, முதுகில் சிவப்புக் காலிகோ. உள்ளே கதையோடு கதையாகப் பாதி ஜோக்கு, தலைவலித் தைல விளம்பரம், யாருடைய பதிலோ தெரியாத கேள்வி–பதில். முதல் பக்கத்தில் என்னைத்தான் தலைப்பும் ஆசிரியர் பெயரும் எழுதச் சொல்வாள். "குண்டு குண்டா எழுது. நாளைக்கு யாரும் எடுத்துப் படிச்சா இன்னார் எழுதுனதுன்னு தெரியணும்லா."

தமிழ்நாடு முழுக்க இப்படிப் பைண்டு போட்ட வீடுகள் இருந்தன. எந்தப் பதிப்பாளரும் புத்தகமாகக் கொண்டுவராத தொடர்கள் அந்த வீடுகளில் மட்டும் பிழைத்துக் கிடந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாள் முழுக்க இப்படித்தான், உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரிக்காமல், நாடக நோட்டீஸ் முதல் மலிவு நாவல் வரை சேர்த்துவைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் நூலகம் ஏற்பட்டது. இன்று தமிழ்த் துப்பறியும் கதையை ஆராய வருகிறவர்கள் அந்தப் படியைத்தான் மிதிக்க வேண்டும். 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன் போன்றவர்களின் கதைகளை பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுத்தது. அண்ணாச்சி கடைக் கயிற்றில் தொங்கியவர்கள் விமான நிலையப் புத்தகக் கடை வரை போனார்கள். யாரோ சிலர் எடுத்து வைத்ததால் நடந்தது.

விருது எனக்கு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே வந்து நிற்கிறேன். விருது என்பது பைண்டு போடுவதுதான். பெயர் பெற்ற ஒரு விருது கிடைத்த நாவலுக்கு மறுபதிப்பு வரும். நூலகங்கள் வாங்கும். கல்லூரியில் யாராவது பாடமாக வைப்பார்கள். அகாதெமி விருதென்றால் பிற இந்திய மொழிகளுக்கும் போகும். பணமும் சால்வையும் அன்றைக்கு மகிழ்ச்சி. புத்தகம் காணாமல் போகாமல் இருப்பதுதான் நிலைத்த மகிழ்ச்சி.

வெளிநாடுகளில் இதை வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். பொது விருதுகள் திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் தங்களுக்குத் தாங்களே விருது வைத்தார்கள். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர்கள் 1946 முதல் எட்கர் ஆலன் போ பெயரில் கொடுக்கிறார்கள். அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது 1953இல் தொடங்கியது. ஜப்பானில் துப்பறியும் எழுத்தாளர் எடோகாவா ராம்போ பெயரில் ஒரு விருது. எடோகாவா ராம்போ என்பதே எட்கர் ஆலன் போவின் பெயர்போல ஒலிக்கும்படி அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். 1985இல் அந்த விருதை வாங்கிய கெய்கோ ஹிகாஷினோ அப்போது கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். விருது வந்ததும் வேலையை விட்டு எழுத வந்தார். பலமுறை நவோகி விருதின் இறுதிப் பட்டியல் வரை வந்து வந்து திரும்பி, 2006இல், ஒரு கொலைக்கதைக்காகவே அதையும் வாங்கினார். பட்டியல் வரை வந்து திரும்பிய அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார் என்று யோசிப்பேன். அடுத்த நாவலை எழுதியிருப்பார். வேறென்ன செய்ய முடியும்?

இங்கேயும் கதவு கொஞ்சம் திறக்கிறது. 2014இல் ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. பிள்ளைகளுக்கான அறிவியல் கதைக்கு மதிப்பு உண்டென்று ஒத்துக்கொண்டவர்கள் பெரியவர்களுக்கான கதையையும் ஒருநாள் ஒத்துக்கொள்வார்கள். 2015இல் 'பாபநாசம்' படம் வந்தபோது எங்கள் ஊர்ப் பேச்சு பேசுகிற ஒரு குடும்பம் ஒரு குற்றத்தை மூடி மறைக்கிறதைப் பார்க்கத் தியேட்டரில் கூட்டம். பக்கத்து இருக்கைப் பெண்மணி தன் மகளிடம் அடுத்த காட்சியை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் திண்ணை அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நம் மண்ணில், நம் பேச்சில் சொன்னால் குற்றக்கதை எவ்வளவு ஆழம் போகும் என்பது அன்றைக்கு இன்னொருமுறை தெரிந்தது.

என் நாவல்களில் துப்பறிகிறவள் ஒரு பீடி சுற்றும் பெண். நான் எழுத உட்கார்ந்தபோது கோட்டு போட்ட ஆள் யாரும் வரவில்லை, பெரியம்மைதான் வந்தாள். தையில் வரப்போகிற நாவல் எங்கள் ஊர் மர மில்லில் நடக்கிறது. பாவூர்சத்திரத்தில் ரோட்டோரம் எங்கும் மரக்கடைதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற தடிகள் லாரி லாரியாக இங்கே வந்து அறுபடும். மில்லில் வேலை பார்க்கிறவர்களிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். தடியின் சுற்றளவை எப்படி எடுப்பார்கள், கன அடி எப்படிப் போடுவார்கள், அறுக்கும்போது தூளாக எவ்வளவு போகும், சட்டமாக எவ்வளவு, பலகையாக எவ்வளவு, கழிவில் ரீப்பர் எவ்வளவு தேறும். என் கதையில் ஒரு லாரி லோடின் அளவுச்சீட்டுக்கும் அறுத்து அடுக்கிய பலகைக்கும் கணக்கு உதைக்கிறது. அந்த வித்தியாசத்துக்குள் ஒரு சாவு இருக்கிறது. கணக்கில் வராத கன அடியைக் கண்டுபிடிக்கிறவள், தினமும் ஆயிரம் பீடிக்கு இலையும் தூளும் எடைபார்த்து வாங்கிப் பழகியவள். அவளுக்கு அளவு பொய் சொல்லாது.

அதற்குப் பின்னால் வருவது குற்றாலச் சீசன் கதைகள், மூன்று குறுநாவல்கள். ஐந்தருவிக் கூட்டத்தில் குளிக்கப் போன ஒருவர் திரும்பி வரவில்லை; அவர் துணிமணி மட்டும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் இருக்கிறது. இன்னொன்று பூட்டிய லாட்ஜ் அறை. மூன்றாவது செங்கோட்டை ரயிலில். சீசனில் மட்டும் கடை போடுகிறவர்கள், மற்ற மாதங்களில் எங்கே இருக்கிறார்கள் என்று யாருமே கேட்காத மனிதர்கள், அவர்களைச் சுற்றி இந்த மூன்றும் நடக்கின்றன. குற்றாலத்தைப் பற்றிச் சரித்திரம் எழுதியாயிற்று, குறவஞ்சி பாடியாயிற்று. அங்கே உழைக்கிறவர்களின் பயத்தையும் ரகசியத்தையும் எழுத எனக்குத் துப்பறியும் கதைதான் வழி.

மர மில் நாவலின் மெய்ப்பு வந்த அன்று அதைப் பெரியம்மையிடம் எடுத்துப் போனேன். அவளுக்குக் கண்ணில் புரை. இப்போது பீடி இல்லை, சொளவு பரணில் கிடக்கிறது. பழையபடி சத்தமாக வாசித்தேன். ஆறாவது அத்தியாயத்தில் நிறுத்தச் சொன்னாள். "அந்த எடைபோடுத பய சரியில்ல. எல்லாரும் அழுதப்ப அவன் மட்டும் சீட்ட மடிச்சான்னு எழுதிருக்கியே." நான் பதில் சொல்லாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். பதிப்பாளரிடம் அன்றிரவு போனில், அந்த ஒரு வரியை மூன்று பக்கம் முன்னால் தள்ளிவைக்கச் சொன்னேன். "அக்கா, அச்சுக்குப் போற நேரம்" என்றார். அப்படியும் மாற்றித் தந்தார். நடுவர்கள் இனிமேல்தான் படிப்பார்கள். மிகக் கடுமையான நடுவர் படித்தாயிற்று.

இறுதிப் பட்டியல் முடிவு எப்படி வந்தாலும் ஒன்றைக் கேட்கப்போகிறேன், கேட்கிற இடத்திலெல்லாம் கேட்பேன். தமிழ்த் துப்பறியும் கதைக்கு 130 வயசு தாண்டிவிட்டது. அதற்கென்று ஆண்டுதோறும் ஒரு விருது நமக்கு வேண்டும். நடேச சாஸ்திரி பெயரில் வைக்கலாம். பதிப்பாளர் சங்கமோ, ஒரு பல்கலைக்கழகமோ, வெளிநாட்டுத் தமிழர் அமைப்போ எடுத்துச் செய்யலாம். மாத நாவலாக வந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கதைகள் பிறந்த வீடு அதுதான். விருது பெற்ற நாவலை மலிவுப் பதிப்பாக அச்சிட்டு ஊர்ப்புறக் கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு படி வைக்க வேண்டும். முதல் விருது ராஜேஷ்குமாருக்குப் போகட்டும். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று வரிசை பெரியது. அந்த வரிசையின் கடைசியில் நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான். என் முறை வருகிற வருடம் யாராவது என் பெயரைக் கூப்பிட்டால், தயங்காமல் மேடையேறி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.